கத்தரி வெயிலும் அணைப் பூங்காவும்

பவானிக்காரர்களுக்கு ஆறு இரண்டு. இரண்டும் சேரும் கூடுதுறையிலிருந்து காவிரியை எதிர்த்து வடக்கே போனால் மேட்டூர் அணை. பவானி ஆற்றை எதிர்த்து மேற்கே போனால் பவானிசாகர் அணை. இரண்டு அணைகளின் அடியிலும் பெரிய பூங்கா இருக்கிறது. எங்கள் ஊருக்குள் சொல்லிக்கொள்ளும்படி பெரிய தோட்டம் எதுவும் இல்லாத குறையை இந்த இரண்டும்தான் தீர்த்து வைக்கின்றன. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் ஒறம்பரை வந்து இறங்கும். தம்பி பிள்ளைகள், நாத்தனார் பிள்ளைகள், கூடவே அவர்களுடைய போன் சார்ஜர்கள். ஒன்றிரண்டு நாள் கூடுதுறையில் ஆசைதீரக் குளிப்பார்கள். அப்புறம், "அத்தை, எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க" என்று ஆரம்பித்துவிடும். அப்படிப் பல கோடைகளில் பவானிசாகருக்குப் போய்வந்து எங்களிடம் சேர்ந்துபோன பழக்கங்களைத்தான் எழுதுகிறேன். வெயிலில் தகிக்கும் எந்தப் பூங்காவுக்கும் இவற்றில் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஊட்டிக்குப் போகலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஊட்டித் தாவரவியல் பூங்காவை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1848-ல் தொடங்கிய தோட்டம், 55 ஏக்கர், மே மாதம் மலர்க் கண்காட்சி. ஆனால் அதே மே மாதம் கொங்கு நாடு மொத்தமும் அங்கேதான் நிற்கிறது. 2024 மே 7 முதல் மலையேற இ-பாஸ் வேறு எடுக்கவேண்டும். மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போக, பின் சீட்டில் ஒரு குழந்தை வாந்தி எடுக்க, மேலே போய்ச் சேரும்போது பூவைப் பார்க்கும் தெம்பு யாருக்கும் இருக்காது. கூட்டம் வடிந்த பிறகு ஊட்டிக்குப் போங்கள், தோட்டமும் உங்களுக்கு முகம் கொடுக்கும். கோடையில் எங்களுக்குக் கீழே இருப்பதே போதும். நீலகிரியில் பிறக்கும் பவானியும் மாயாறும் தாமாகவே இறங்கிவந்து சேர்ந்து நிற்கும் இடம்தானே பவானிசாகர்.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-ல், வேலை தொடங்கி 1955-ல் பயனுக்கு வந்த அணை இது. அன்றைய ஈரோடு சட்டமன்ற உறுப்பினர் எம்.ஏ. ஈஸ்வரன் விடாமல் கேட்டு வாங்கித் தந்தது என்று எங்கள் பக்கத்து விவசாயிகள் இன்றும் நன்றியோடு சொல்வார்கள். 105 அடி ஆழத்துக்கு 32.8 டி.எம்.சி. தண்ணீர் பிடிக்கும். 8 கிலோமீட்டர் நீளத்துக்கு மண்கரை. இங்கே புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாய்கிறது. அணை கட்டியபோது டணாயக்கன்கோட்டை என்ற பழைய ஊரே தண்ணீருக்குள் போய்விட்டது. கோடையில் நீர்மட்டம் நன்றாக இறங்கிவிட்டால் அங்கிருந்த கோயில் தலைகாட்டுகிறது என்று செய்தித்தாளில் படம் வரும். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பூங்காவுக்குள் நின்று "கோயில் எங்கீங்க?" என்று கேட்பதைக் கேட்டிருக்கிறேன். கோயில் இருப்பது அணையின் அந்தப் பக்கம், நீர்த்தேக்கத்துக்குள். பூங்கா கரைக்கு இந்தப் பக்கம். இங்கிருந்து பார்த்தால் தெரியாது.

அணைக்கு அடியில் தோட்டம் போடும் வழக்கத்துக்கு நமக்குத் தெரிந்த பெரிய முன்மாதிரி கிருஷ்ணராஜசாகர் அணையடியில் 1932-ல் முடிந்த பிருந்தாவனம். தண்ணீர் பக்கத்திலேயே இருப்பதால் மே மாதத்திலும் புல்லைப் பச்சையாக வைத்துக்கொள்ள முடிகிறது. ஏமாற்றுவதும் அந்தப் பச்சைதான். 'டேம்' என்ற பேச்சைக் கேட்டதுமே குளுகுளுவென்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பி வருகிறார்கள். தண்ணீர் இருப்பது கரைக்குப் பின்னால். நாம் நிற்பது வெறும் சமவெளி. 2024 ஏப்ரலில் ஈரோட்டில் 42 டிகிரியைத் தாண்டி அடித்த அதே வெயில்தான் இங்கேயும் அடிக்கிறது. பூங்காவில் குளிர்ச்சி வேண்டுமென்றால் அதைத் தருவதற்கு மரம் ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே கோடையில் பூங்காவுக்குப் போகிறவர்கள் பூச்செடியையும் நீரூற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் மரத்தைத் தேடவேண்டும். என் யோசனைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இது ஒன்றுதான்.

மரம் என்றாலும் எல்லா மரமும் கோடைக்கு ஆகாது. மயில்கொன்றை மே மாதத்தில் செக்கச்செவேல் என்று பூத்து நிற்கும். படம் எடுக்க அதைவிட அழகான மரம் கிடையாது. ஆனால் இலை உதிர்த்துவிட்டுப் பூக்கிற மரம் அது. அந்த நேரத்தில் அதன் அடியில் உட்கார்ந்தால் வெயில் சல்லடை வழியாக இறங்கும். மஞ்சள் சரம் சரமாகத் தொங்கும் சரக்கொன்றையும் ஏறக்குறைய அப்படியே. புங்கமரம் நேர்மாறு. மாசி, பங்குனியில் பழைய இலையைக் கொட்டிவிட்டு, சித்திரை வெயில் ஏறும்போது புது இலையோடு அடர்ந்து நிற்கும். எங்கள் தோட்டங்களில் வண்டியையும் மாட்டையும் புங்கமரத்தடியில் நிறுத்துவது சும்மா இல்லை. வேப்பமரமும் நல்லதுதான். தூங்குமூஞ்சி மரம் குடை விரித்ததுபோலப் பரந்து நிற்பதால் ஒரு குடும்பமே அதன் அடியில் படுக்கலாம். பொழுது சாயச் சாய அது இலையை மூடிக்கொள்ளும். அந்நேரம் நமக்கும் நிழல் தேவைப்படாது. புளியமரத்தடியில் உட்காருவதை என் மாமியார் ஒத்துக்கொள்ளமாட்டார். அதற்கு அவர் சொல்லும் காரணத்தைக் குழந்தைகள் முன்னால் எழுதவேண்டாம் என்று விட்டுவிடுகிறேன்.

மரத்தடி ஏன் இவ்வளவு குளிர்கிறது? வெயிலை மறைப்பது ஒரு பாதி. வேர் இழுத்த தண்ணீரை இலை ஆவியாக வெளியே விடுகிறது, ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை எடுத்துக்கொள்கிறது என்பது இன்னொரு பாதி. தகரக் கூரை போட்ட காத்திருப்புக் கொட்டகைக்கு இந்த இரண்டாவது பாதி தெரியாது. அது வெயிலை மறைத்துவிட்டு, தான் வாங்கிய சூட்டை நம் தலைமேல் இறக்கும். சிமெண்ட் பெஞ்சும் அந்த ரகம்தான். காலையிலிருந்து வெயில் குடித்த பெஞ்சு, நிழல் அதன்மேல் நகர்ந்து வந்த பிறகும் வெகுநேரம் சுடும். உட்காரும் முன் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை தாங்காத இடத்தில் குழந்தையை உட்கார வைக்காதீர்கள்.

நிழல் நகரும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தப் பக்கம் நகரும் என்று யோசித்து இடம் பிடிக்கிறவர்கள் குறைவு. எங்கள் அட்சரேகையில் ஏப்ரல் 20-ஐ ஒட்டிச் சூரியன் உச்சியில் சரியாகத் தலைக்கு மேல் வந்து நிற்கிறது. அன்றைக்கு நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. அதன்பிறகு மே, ஜூன் மாதங்களில் நடுப்பகலில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. அதனால் கத்தரி நாள்களில் உச்சி நிழல் மரத்துக்குத் தென்புறம் விழும். பொழுது சாயும்போது கிழக்கும் தென்கிழக்குமாக நீளும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வரை ஒரே இடத்தில் இருக்கப்போகிறோம் என்றால், மரத்தின் கிழக்கே, கொஞ்சம் தெற்கே தள்ளி விரிக்கவேண்டும். விரிக்கும்போது ஓரத்தில் கொஞ்சம் வெயில் படத்தான் செய்யும். அரை மணி பொறுத்தால் நிழல் நம்மைத் தேடி வந்துவிடும். மேற்கே நல்ல நிழலாக இருக்கிறது என்று காலையில் இடம் பிடித்தவர்கள் பன்னிரண்டு மணிக்குமேல் பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு மரத்தைச் சுற்றி வருவார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும்.

விரிப்புக்கு எங்கள் ஊர் ஜமக்காளம்தான். பவானிக்காரி வேறு என்ன சொல்வாள் என்று சிரிக்கவேண்டாம். பிளாஸ்டிக் பாய் வெயிலில் சூடேறி முதுகில் ஒட்டும். மெல்லிய போர்வையை விரித்தால் புல்லுக்குப் பாய்ச்சிய ஈரம் பத்து நிமிடத்தில் துணி வரைக்கும் ஏறிவிடும். தடித்த நூலில் தறியில் நெய்த ஜமக்காளம் வியர்வையை இழுத்துக்கொள்ளும், எறும்பு கடிக்கு ஓரளவு தடுப்பாகவும் இருக்கும். கனம்தான் அதன் குறை. வீட்டிலேயே வயதில் மூத்த பையனின் தோளில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது. விரிக்கும் முன் புல்லைக் காலால் தடவி எறும்புப் புற்று இருக்கிறதா, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

பவானியிலிருந்து அணைக்கு 70 கிலோமீட்டருக்குமேல். நாங்கள் ஆப்பக்கூடல், அத்தாணி வழியாகச் சத்தியமங்கலம் போய், அங்கிருந்து பவானிசாகர் போவோம். கவுந்தப்பாடி, கோபி வழியாகவும் போகலாம். நாட்டுச் சர்க்கரை வாங்கவேண்டியிருந்தால் திரும்பும்போது அந்த வழியே வருவோம். வெடியால ஐந்து மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவது நல்லது. பஸ்ஸில் வருகிறவர்கள் சத்தியில் மாறவேண்டியிருக்கும். சத்தி பஸ் நிலையத்தில் மல்லிகை வாசம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கோடையில்தான் மல்லி விளைச்சல் கூடுதல், விலையும் கையைக் கடிக்காது.

வெயிலைப் பற்றிப் பரவலாக ஒரு கணக்கு இருக்கிறது. பன்னிரண்டு மணிதான் உச்சம், அது தாண்டிவிட்டால் குறைந்துவிடும் என்று. என் வீட்டுக்காரரே, "உச்சி சாஞ்சுருச்சு, இனிக் கெளம்பலாம்" என்று இரண்டு மணிக்கு வேட்டியை மடித்துக் கட்டுவார். சூரியன் உச்சியைத் தாண்டிய பிறகும் தரையும் சுவரும் சூடேறிக்கொண்டே இருக்கின்றன. காற்றின் வெப்பம் உச்சத்தைத் தொடுவது இரண்டிலிருந்து நான்கு மணிக்குள். ஆகவே பூங்காவில் நடப்பது, சுற்றிப் பார்ப்பது, படம் எடுப்பது எல்லாம் காலை பத்தரைக்குள் முடியவேண்டும். அதற்குமேல் நான்கரை வரை மரத்தடியைவிட்டு அசையக்கூடாது. பொழுதோட மறுபடி எழுந்து நடக்கலாம். நடுவில் உள்ள ஆறு மணி நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், பல்லாங்குழி, சீட்டு, ஊர்வம்பு என்று சரக்கு வைத்துக்கொள்ளவேண்டும். பல்லாங்குழிப் பலகையைப் பையில் போட மறந்தால் பிள்ளைகள் போனைத் தடவ ஆரம்பித்துவிடுவார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் என் மாமியார் பேச்சைத்தான் கேட்பேன். அவர் காலத்தில் பண்ணாரிக்கும் பழனிக்கும் மாட்டு வண்டியில் கட்டுச்சோறு கட்டிப் போனவர்கள். புளிச்சோறு மாலை வரை தாங்கும். எலுமிச்சை சோறும் தாங்கும். தேங்காய் சேர்ந்த எதுவும் வேண்டாம். தேங்காய்ச் சட்னி பத்து மணிக்கே நூல்விடும். தயிர்ச்சோற்றுக்கு ஒரு வழி உண்டு: விடியற்காலையில் சோற்றை நன்றாகக் குழைத்து, ஆறவைத்த பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டுத் தூக்குப்போசியில் அடைத்துவிட்டால், மத்தியானம் திறக்கும்போது புளிக்காமல் அப்போதுதான் உறைந்த தயிராக இருக்கும். தொட்டுக்கொள்ள மாவடு, மோர் மிளகாய். கொள்ளுப் பருப்பை அந்த நாளில் அவர் கிட்டவே சேர்க்கமாட்டார். "கொள்ளு சூடு கண்ணு, இந்த வெயிலுக்கு அது ஆவாது" என்பார். அது விஞ்ஞானமோ இல்லையோ, வயிற்றை அடைத்துக்கொண்டு வெயிலில் உட்காருவதைவிட இலேசாகச் சாப்பிடுவது நல்லதுதான் என்று நானும் வாதாடுவதில்லை.

தண்ணீருக்கு எங்கள் வீட்டுக் கணக்கு ஆளுக்கு 2 லிட்டர். அது போக ஒரு பெரிய கேனில் மோர். ஈரத்துணி சுற்றிய எவர்சில்வர் கேனைக் காற்றுப்படும் நிழலில் வைத்தால் ஐஸ் இல்லாமலே குளிர்ந்திருக்கும். துணி காய்ந்தால் மறுபடி நனைக்கவேண்டும், அவ்வளவுதான். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக்கூடாது. குழந்தைகள் விளையாட்டு மும்முரத்தில் தாகத்தைச் சொல்லமாட்டார்கள். மணிக்கு இரண்டு தரம் கூப்பிட்டுக் கொடுக்கவேண்டும். வழியில் தெளுவு, அதாவது பதநீர், கிடைத்தால் காலையிலேயே குடித்துவிடுங்கள். வெயில் ஏற ஏறப் புளித்துவிடும். நுங்கை விரலால் தொட்டுப் பார்த்து இளசாக வாங்கவேண்டும், முற்றினது குழந்தைகளின் வயிற்றுக்கு ஆகாது. தர்பூசணியை முழுப்பழமாக வாங்கிக்கொண்டு கத்தியை நாமே எடுத்துப்போவது நல்லது. அறுத்து ஈ மொய்க்க வைத்திருக்கும் துண்டைத் தின்பானேன்? கம்மங்கூழ்க் கடை கண்ணில்பட்டால் நான் நின்றுவிடுவேன். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஒரு சொம்பு கூழ் குடித்தால் மத்தியானச் சோறு பாதிதான் இறங்கும். கலர் சோடாவும் குச்சி ஐஸும் பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள். வாங்கிக்கொடுங்கள், ஆனால் அதைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரு கோடையில் நாங்கள் உட்கார்ந்திருந்த மரத்துக்கு எதிரே, நடு வெயிலில், புல்தரையில் ஒரு குடும்பம் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் கண்ணைத் திறந்திருக்கும் படம் கிடைக்கும்வரை விடமாட்டேன் என்று ஒரு பையன் எடுத்துக்கொண்டே இருந்தான். ஓரத்தில் நின்ற பெரியம்மா அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டார். "அமுச்சி! அமுச்சி!" என்று ஒரே கூச்சல். எல்லோரும் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"ஏனுங்க, சுத்தி நிக்காதீங்க. காத்து வரட்டும். மொதல்ல நெழலுக்குக் கொண்டுவாங்க" என்று என் வீட்டுக்காரர்தான் போய்த் தூக்கிவந்தார். ஜமக்காளத்தில் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தி, ஈரத் துண்டைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, முந்தானையால் விசிறினேன். உடம்பு வேர்த்திருந்தது, கூப்பிட்டதற்குப் பதில் சொன்னார். அதனால் எனக்குப் பயம் போயிற்று. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம்.

"காத்தால வாயில ஒண்ணுமே ஊத்தலீங்க சாமி. பஸ்ஸுல வெளிய போறது கஷ்டம்னு தண்ணியே குடிக்கல" என்றார் எழுந்து உட்கார்ந்ததும்.

பெண்கள் இதைப் படித்துவிட்டுத் தலையாட்டுவார்கள். கழிப்பறை எப்படி இருக்குமோ என்று பயந்து தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வருகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! வந்து இறங்கியதும் முதல் வேலையாகக் கழிப்பறை எங்கே, எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்த்து வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம் தைரியமாகக் குடிப்பார்கள். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களை வெயிலில் கூட்டிப்போவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு அளவு முக்கியம். 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி. உப்பு கூடிவிட்டால் நல்லதைவிடக் கெடுதல் அதிகம். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டைப் பையில் போட்டுவைத்தால் இந்தக் கவலையும் இல்லை. அந்த அம்மாவுக்கு வந்தது வெறும் சோர்வு. உடம்பு அனலாய்க் கொதித்து, பேச்சு குழறி, ஆளை அடையாளம் தெரியாமல் உளறினால் அது வேறு. அப்போது வாயில் எதையும் ஊற்றாமல் உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடவேண்டும். வேர்த்துக் கொட்டினாலும் சரி, தோல் வறண்டிருந்தாலும் சரி, புத்தி தடுமாறினால் தாமதிக்கக்கூடாது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை ஊஞ்சலும் சறுக்கும் இருந்தால் போதும், மற்றது எதுவும் கண்ணில் படாது. இரும்புச் சறுக்கில் பதினொரு மணிக்குமேல் அரைக்கால் சட்டையோடு இறங்கினால் தொடை வெந்துவிடும். ஊஞ்சல் சங்கிலியும் சுடும். செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டுப் புல்லில் ஓடுவார்கள். திரும்பிவரும்போது நடுவில் உள்ள சிமெண்ட் பாதையைத் தாண்டமுடியாமல் ஒற்றைக் காலில் குதிப்பார்கள். தொப்பியைவிட ஈரத்துண்டு நல்லது. எங்கள் பக்கத்து ஆண்கள் தோளில் துண்டு போடுவது அலங்காரத்துக்கு மட்டும் இல்லை. தலைக்கு உருமால், கழுத்துக்கு ஈரம், உட்கார விரிப்பு, கை துடைக்க என்று ஒரு துண்டு நாள் முழுக்க உழைக்கும். காரில் வந்தவர்கள், குழந்தை தூங்குகிறது என்று ஒரு நிமிடம்கூட மூடிய வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகக்கூடாது. நிழலில் நிறுத்தியிருந்தாலும் கூடாது.

நடுப்பகலைப் பூங்காவில் கழிக்கப் பிடிக்காதவர்களுக்குக் கொடிவேரி இருக்கிறது. சத்திக்கும் கோபிக்கும் இடையில், ஆற்றின் குறுக்கே கட்டிய பழைய அணை. 1125-ல் கொங்காள்வான் கட்டியதாகச் சொல்வார்கள். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பிரியும் இடம். அணை வழிந்து விழும் தண்ணீரில் நின்றால் உச்சி வெயில் தெரியாது. தெரியாது என்பதால்தான் ஆபத்தும். தண்ணீரில் நிற்கும்போது தோல் கறுப்பதும் தலை காய்வதும் உறைக்காது. அங்கேயும் கம்பி கட்டிய இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். பாறை வழுக்கும், மணல் அரித்த குழி மேலே பார்த்தால் தெரியாது. பவானிசாகரில் அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கக்கூடாது என்று எழுதிவைத்திருப்பதையும் அப்படியே மதிக்கவேண்டும். தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்பது கரையில் நிற்கிற நமக்குத் தெரியாது.

மீன் வறுவல் சாப்பிடாமல் அணையைவிட்டுக் கிளம்பினால் ஒறம்பரை கோபித்துக்கொள்ளும். அணையைச் சுற்றியுள்ள கடைகளில் மசாலா தடவிய மீனைக் கண்ணெதிரே எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். என் யோசனை, அதைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வையுங்கள். உச்சி வெயிலில் காரமும் எண்ணெயும் உள்ளே போனால் கேன் தண்ணீர் காலியாகும்வரை தாகம் அடங்காது. சட்டியில் எண்ணெய் கன்னங்கரேல் என்று இருந்தால் அடுத்த கடைக்கு நகருங்கள். ஏற்கனவே வறுத்து அடுக்கியதைச் சூடுபண்ணித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

இருட்டும்வரை உட்கார்ந்திருக்கும் ஆசையை அங்கே வைத்துக்கொள்ள முடியாது. அணையை ஒட்டியிருப்பது சத்தியமங்கலம் காடு, 2013-லிருந்து புலிகள் காப்பகம். கோடையில் காட்டுக்குள் குட்டைகள் வற்றிவிட்டால் யானைக் கூட்டம் நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் குடிக்க வரும். யானை பார்க்கிறேன் என்று ஆள் இல்லாத பாதையில் நடக்கவேண்டாம். கோயில் தெரிகிறதா என்று நீர்த்தேக்கத்துப் பக்கம் இறங்கவும் வேண்டாம். பொழுது விழுவதற்குள் சத்திக்கு வந்துவிடுவது எல்லோருக்கும் நல்லது, யானைகளுக்கும்.

போகும் நாளையும் யோசிக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை நல்ல மரங்களெல்லாம் ஒன்பது மணிக்கே நிறைந்துவிடும். செவ்வாய், புதன் போனால் மரத்தைத் தேர்ந்தெடுக்கவே நேரம் ஆகும். பங்குனியில் பண்ணாரி குண்டம் நடக்கும் வாரத்தில் சத்தி சாலையை மறந்துவிடுங்கள். கைக்குழந்தையோ மிக வயதானவர்களோ இருந்தால் நான் மேட்டூரையே சொல்வேன். எங்களுக்கு அது பாதித் தொலைவு, வெயில் ஏறும்முன் போய்ச் சேர்ந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஆடிப் பெருக்கன்று அணைகளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். பூங்காவில் உட்காருகிற நாள் அது இல்லை.

கடைசியாக ஒரு கோரிக்கை. பெங்களூர் லால்பாக் காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறது. நம்மைப்போலவே வியர்த்து வடியும் ஊரான சிங்கப்பூரில், 1859-ல் தொடங்கிய தாவரவியல் தோட்டம் காலை 5 மணிக்குத் திறந்து நள்ளிரவில்தான் மூடுகிறது. நம் பக்கத்து அணைப் பூங்காக்களோ ஏறக்குறைய ஆபீஸ் நேரத்தில் திறந்து ஆபீஸ் நேரத்தில் மூடுகின்றன. போகும் முன் நேரத்தை விசாரித்துக்கொள்வது நல்லது. கோடையில் உட்காரத் தகுந்த நேரம் முழுக்கப் பூட்டிவைத்துவிட்டு, உட்காரவே முடியாத நேரத்தில் டிக்கெட் கிழிப்பது யாருக்கு லாபம் என்று தெரியவில்லை. காடு பக்கத்தில் இருப்பதால் இரவு வரை திறக்கச் சொல்லி நான் கேட்கமாட்டேன். சித்திரை, வைகாசி இரண்டு மாதம் மட்டுமாவது காலை ஆறு மணிக்குக் கதவைத் திறக்கலாம். அந்நேரத்துக்கு டிக்கெட் கொடுக்க ஆள் இல்லையென்றால் வாசலில் ஒரு உண்டியலை வைக்கட்டும், போட்டுவிட்டுப் போகிறோம்.